பாண்டியில் ஆயா, திருச்சியில் ஆயா

9-2-2007, வெள்ளிக்கிழமை. காலை 5.40.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து பாண்டிச்சேரி வண்டி புறப்பட்டது. டிக்கெட் எழுபத்திரண்டு ரூபாய். எத்தனை கிலோமீட்டர் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"எதுக்குப் பாட்டி, நடந்து வரப்போறியா?" என்றார். பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, "இருநூத்தி அஞ்சு. எழுதிக்க பாட்டி" என்றார். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். ஊர் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் தூரமும் விலையும் எழுதுகிறார்கள். அதையாவது தப்பில்லாமல் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் எப்படி வருமோ தெரியாது.

பாண்டி நான் பிறந்த ஊர். போர்டுகளில் இப்போது புதுச்சேரி என்று எழுதியிருக்கிறார்கள், வாயில் பாண்டிதான் வருகிறது. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகித் திருச்சி உறையூருக்கு வந்தேன். இப்போது அறுபத்தைந்து. நடுவில் போனது எல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். இந்தத் தடவை இரண்டும் இல்லை. அண்ணன் மகள் பரிமளா போன் செய்திருந்தாள்.

"அத்தை, பரண்ல ஒரு கேசட்டு கெடச்சுது. ஆயா பேசினது. அப்பா பதிஞ்சு வெச்சது. இன்னும் ஓடுது அத்தை!"

பரிமளா ஆயா என்று சொன்னது என் அம்மாவை. பாண்டிப் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். பரிமளாவின் மகளைப் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்தா என்றால் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர். மகள் பிரான்சில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. மாமனார் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறார். அதற்குள் கேசட்டை சிடியாக்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க அத்தை. ஆயாவோட பொண்ணு நீங்க ஒருத்திதான" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அம்மாவின் குரலைக் கேட்கப் போகிறோம் என்ற சந்தோஷம் முதலில் வரவில்லை. அந்தக் கேசட்டில் திருச்சி விஷயம் இருக்குமோ என்ற பயம்தான் வந்தது.

8.15. உளுந்தூர்பேட்டை.

வண்டி பத்து நிமிஷம் நின்றது. டீ மூன்று ரூபாய், தண்ணீராக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வேர்க்கடலை கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டேன். "இந்த வயசுல அம்மா இருக்காங்களா? குடுத்து வெச்சவங்க" என்றாள். செத்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பழகிப்போன காரியம்.

திருச்சி விஷயத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். பாண்டி வந்த பிறகு எழுதினால் கை வராது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு மாதம் இருக்கலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் மின்சார ஆபீசில் குமாஸ்தா. பையனுக்கு ஐந்து வயது, பெண்ணுக்கு மூன்று. எதிர்வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தார். கையில் வாட்ச் கட்டுவார், வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். என்னோடு சமமாகப் பேசுவார். நான் எட்டாவது வரை படித்ததாக அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா ரவிக்கை போடாதவள். சேதராப்பட்டு பக்கம் வயல்வேலை செய்தே கறுத்துக் காய்ந்த உடம்பு. வந்த மறுநாள் காலையில் குழாயடியில் குந்திப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் "ஆயா, ஆயா" என்று முதுகில் ஏறிக் குதித்தன. டீச்சர் எதிரிலிருந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "ஆயா வெச்சிருக்கீங்களா லட்சுமி? நல்லதாப் போச்சு, சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நீங்களும் எவ்வளவுதான் பார்ப்பீங்க. எந்த ஊரு?"

திருச்சியில் பாட்டியை அப்பாயி, அம்மாயி என்பார்கள். ஆயா என்றால் பிள்ளை தூக்குகிற வேலைக்காரி. எனக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பாண்டிப் பக்கம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதில் ஒரு பொய்யும் இல்லை என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் தெருவே ஆயா என்று கூப்பிட்டது. ஆயா, எங்க வீட்டுக்கும் ரெண்டு குடம் தண்ணி எடுத்து வையேன். ஆயா, பாப்பாவைக் கொஞ்சம் பிடியேன். அம்மா எல்லாருக்கும் செய்தாள். சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து கதை சொல்லுவாள், தெருப்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு கூடிவிடும். கதையில் "உங்க அம்மா சின்னப் பொண்ணா இருக்கச்சே" என்று எங்கே வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். "போதும், உள்ள வாங்க, சாப்பிடணும்" என்று பிள்ளைகளைக் கத்தி இழுத்துக்கொண்டு போய்விடுவேன். நாலைந்து நாள் அப்படிச் செய்தேன். அதற்குப் பிறகு அம்மா கதை சொல்லவில்லை. ஒரு மாதம் என்று வந்தவள் பதினெட்டாம் நாள் ஊருக்குப் போகிறேன் என்றாள். போகும்போது டீச்சர் ஒரு பழைய புடவையை மடித்து அம்மா கையில் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் ஒரு இடத்தில் தைத்திருந்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா திருச்சிக்கு வரவேயில்லை. மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன தீபாவளிக்கு என் மகள், "அம்மா, உன் பாட்டி பேர் என்ன?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்கிற வயதில் நான் கேட்கவில்லை. என் பிள்ளைகள் கேட்ட வயதில் நான் கேட்க விடவில்லை.

10.40. மதகடிப்பட்டு.

விழுப்புரம் தாண்டி இங்கேதான் பாண்டி எல்லை தொடங்குகிறது. சாராயக்கடை போர்டுகள் வரிசையாக வந்தன. பின்சீட்டு ஆள் ஒருவர், "கண்டக்டரே, ரெண்டு நிமிசம் நிறுத்துப்பா, புண்ணியமாப் போவும்" என்றார். "புண்ணியம் திரும்பி வரச்சே பண்ணிக்கறேன், உக்காரு" என்றார் கண்டக்டர். வில்லியனூர் கோபுரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டேன்.

11.20. பாண்டி பேருந்து நிலையம்.

இறங்கி இரண்டு அடி வைக்கவில்லை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எதிரே வந்து நின்றார்.

"ஆயா, எங்க போவணும்?"

திருச்சியில் என்னைப் பாட்டி என்பார்கள், அம்மா என்பார்கள். நான் ஆயாவாகி இருப்பது எனக்கு இங்கே வந்துதான் தெரிகிறது. அவர் மறுபடி, "ஆயா! காது கேக்குதா?" என்றார்.

"லாஸ்பேட்டை" என்றேன். அறுபது கேட்டு ஐம்பதுக்கு வந்தார்.

"ஆயாவுக்கு எந்த ஊரு?"

"திருச்சி. இல்ல, இந்த ஊருதான்."

"இன்னா ஆயா, ரெண்டு ஊரா? அப்ப ரெண்டு ரேஷன் கார்டு இருக்குமே, ஒண்ணை எனக்குக் குடு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லாஸ்பேட்டை ரோடு முழுக்கக் காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டரில் பறந்தார்கள். விமான நிலையத்து மதில் வந்தது. அந்தப் பக்கம் விமானம் எதுவும் கண்ணில் படவில்லை, மாடு இரண்டு மேய்ந்துகொண்டிருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து அண்ணன் வீடு ஐந்து கிலோமீட்டர் என்று ஆட்டோக்காரர் சொன்னார். சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பகல் 12.

அண்ணனுக்கு எழுபத்தொன்று. கண் மங்கிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. "பாப்பா வந்துட்டாளா?" என்று உள்ளேயிருந்தே கத்தினார். தலை நரைத்த என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். பரிமளா ஆபீசுக்கு லீவு போட்டு வஞ்சிரமீன் குழம்பு வைத்திருந்தாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னா அத்தை, திருச்சிக்காரங்களுக்கு மீனு எறங்கலையா?" என்றாள்.

"காவேரித் தண்ணி குடிச்சவ, கடல் மீன் எறங்குமா?" என்றார் அண்ணன். "டேப்பைப் போடு, தானா எறங்கும்."

3 மணி.

கேசட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. நாடா தளர்ந்திருந்ததால் பரிமளா ஓட்டையில் பென்சிலைச் செருகிச் சுற்றி இறுக்கினாள். அண்ணனின் பழைய டேப்ரெக்கார்டரை நாற்காலியில் வைத்து, மூன்று பேரும் கீழே உட்கார்ந்தோம். முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு ஒரு கோழி. பிறகு அண்ணனின் இளவயதுக் குரல், "பேசும்மா, ஓடுது." பிறகு அம்மா.

"இதுகிட்ட இன்னா பேசறது? இது பதில் பேசுமா?"

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவின் குரல் என் நினைப்பில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. இளசாகவும் இருந்தது. அந்தக் கேசட்டில் பேசும்போது அம்மாவுக்கு இப்போதைய என் வயதைவிடக் குறைவு.

அம்மா தன் அம்மா கதையைச் சொன்னாள். பேர் அம்மாக்கண்ணு. என் மகள் கேட்ட பேர் எனக்குக் கிடைத்துவிட்டது, உடனே டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். அந்தக் காலத்தில் சேதராப்பட்டு பிரெஞ்சுக்காரன் சீமை, கொஞ்சம் நடந்தால் இங்கிலீஷ்காரன் சீமை. நடுவில் சுங்கம். இந்தப் பக்கம் சேலை மலிவாம். அம்மாக்கண்ணு ஒன்றின்மேல் ஒன்றாக நாலு சேலை கட்டிக்கொண்டு மயிலம் சந்தைக்குப் போய் மூன்றை விற்றுவிட்டு, ஒற்றைச் சேலையோடு திரும்புவாளாம்.

"சுங்கக்காரன் ஒரு நாளு மடக்கிட்டான். ‘ஏம்மா, காலையில குண்டாப் போனே, சாயங்காலம் ஒல்லியா வரியே?’ன்னான். எங்கம்மா நின்னு பார்த்துச்சு. ‘நடந்தா எளைக்காதா சாமி? உக்காந்தே இருக்கற உனக்கு எங்க தெரியப்போவுது’ன்னுடுச்சு. அவன் தொந்தியைத் தடவிப் பார்த்துக்கினான். எங்கம்மா வந்துடுச்சு."

பரிமளாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. நானும் சிரித்தேன். இதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

"அடுத்தது திருச்சிக் கதை" என்றார் அண்ணன். "பாப்பா, ஒன் கதை. நல்லா கேளு."

"நீங்க கதை சொல்லி நான் எத்தினி தடவ கேட்டிருப்பேன்" என்றாள் பரிமளா. "ஆயா வாயால கேக்கறது இப்பதான்."

அம்மா சொன்னாள்:

"எம்பொண்ணு ஊட்டுக்குப் போனேன் திருச்சிக்கு. அது பெரிய தெருவு. எல்லாம் ஆபீசரு, டீச்சரு. ஆனா பாரு, தெருவே என்னை ஆயா ஆயான்னுது. சின்னதுங்க மட்டும் இல்ல, பெரியவங்களும். எம்பொண்ணுக்கு அந்தத் தெருவுல அவ்ளோ மரியாதி. அவ பிள்ளைங்க ஆயான்னா, ஊருக்கே நான் ஆயா. எனக்கு அங்க நாப்பது பேரப்பிள்ளைங்க."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. எந்த ஊர்ல மாமியா வீட்டுத் தெருவே பொண்ணோட அம்மாவை ஆயான்னு கூப்புடும்?"

அண்ணனுக்கும் பரிமளாவுக்கும் ஆயா என்ற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். முப்பது வருஷமாக இந்த வீட்டில் இதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் அப்படித்தானோ, ஒன்றும் தெரியாமலே சந்தோஷமாக இருந்துவிட்டுப் போனாளோ என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கடவுளே, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மா நிறுத்தவில்லை.

"எதுத்தூட்டு டீச்சரம்மா ஒரு நாளு கேட்டுச்சு. ‘ஆயா, இந்த வீட்டுல ஒனக்கு மாசம் என்னா குடுக்கறாங்க?’ன்னு. நான் சொன்னேன், ‘நாளைக்கு நாலு முத்தம் குடுக்குதுங்கம்மா ரெண்டும். மாசத்துக்கு நீயே கணக்குப் போட்டுக்கோ’ன்னு."

அண்ணனும் பரிமளாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டீச்சரம்மா கிண்டலைப் பாரு! ஆயா பதிலைப் பாரு!" என்றாள் பரிமளா.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். டீச்சர் கிண்டல் செய்யவில்லை. சம்பளம்தான் கேட்டிருக்கிறார். அம்மாக்கண்ணு சுங்கக்காரனைத் தாண்டி வந்த அதே மாதிரி அம்மா டீச்சரைத் தாண்டி வந்திருக்கிறாள். தாண்டும்போது என்னையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். "நான் அவளைப் பெத்தவ" என்று இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொன்னால் தெருவில் நான் என்ன ஆவேன் என்று யோசித்துச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியும். குழாயடியிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதான் இரண்டு வருஷம் கழித்து டேப்பில் இப்படிப் பேசியிருக்கிறாள். உண்மை எதையும் விடவில்லை. ஆயா என்றார்கள், சம்பளம் கேட்டார்கள், எல்லாம் இருக்கிறது. என் குற்றம் மட்டும் இல்லை.

"வரும்போது அந்தம்மா பொடவ குடுத்துச்சு" என்று அம்மா முடித்தாள். "வெறுங்கையோட அனுப்பலை, மகராசி."

நாடா நின்றது.

"அந்தப் பொடவையை ஆயா கட்டவே இல்ல அத்தை" என்றாள் பரிமளா. "மஞ்சப்பையில போட்டு வெச்சிருந்துச்சு. என் பொண்ணு பொறந்தப்ப அம்மா அதுலதான் தூளி கட்டுனாங்க. டீச்சர் மரியாதையா வெச்சுக் குடுத்த பொடவையாச்சே, பிள்ளைக்குப் படிப்பு வரும்னு."

எதிர்வீட்டுக்காரர் வேலைக்காரிக்குக் கொடுத்த பழம்புடவை அது. அதில் தூங்கிய குழந்தைதான் இப்போது பிரான்சில் இருக்கிறாள். படிப்பும் நன்றாக வந்தது.

"இன்னா அத்தை, அழுவறீங்க?"

"அம்மா குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றேன். இதிலும் பொய் இல்லை, பாருங்கள்.

10-2-2007, சனிக்கிழமை. காலை 7.

கடற்கரைக்குப் பரிமளா கூட்டிப்போனாள். மணல் கிடையாது, கரை நெடுகக் கறுப்புப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டி கட்டி நடந்தார், நம் ஆள் ஒருவர் அரைக்கால் சட்டையில் ஓடினார். மேரி என்று சொல்கிற பழைய நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தோம். சுண்டல் ஐந்து ரூபாய்.

இங்கேயே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். "பரிமளா, ஆயான்னா திருச்சியில என்ன அர்த்தம் தெரியுமா?" என்று தொடங்கினால் போதும். மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவள், "அத்தை, அந்த டீச்சர் இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. அதே வீடு. எழுபத்தேழு வயசு."

"சிடில ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போய் அவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க. ஆயாவை அவங்களுக்கு எவ்ளோ பிடிச்சிருந்துச்சு!"

மிச்சச் சுண்டலைப் பொட்டலத்தோடு மடித்து வைத்தேன்.

11 மணி. நேரு வீதிக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோ.

கேசட்டை சிடியாக்க நூற்றைம்பது ரூபாய். கூடுதல் பிரதிக்கு ஒவ்வொன்றுக்கும் முப்பது. பரிமளா மூன்று சொன்னாள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து கீச்சுச் சத்தத்தையும் கோழியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். "கோழி இருக்கட்டும்" என்றாள் பரிமளா.

பிறகு என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எதிரே மைக்கை வைத்தார். "ஆயா, ரெண்டு நிமிசம். கையைக் காட்டுனா பேச ஆரம்பிங்க." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிமளா சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் கையைக் காட்டினார்.

எனக்கு இதுவரை எந்த மைக்கிலும் பேசிப் பழக்கமில்லை. வீட்டில் நாலு பேர் கூடினால் சமையலறைக்குள் போய்விடுகிறவள். ஆனால் அன்றைக்கு வாய் அடைத்தது வெட்கத்தால் இல்லை.

"எங்கம்மா" என்றேன். நிறுத்தினேன். மறுபடி "எங்கம்மா" என்றேன். "எங்கம்மா நல்லா கதை சொல்லுவாங்க. திருச்சிக்கு வந்தப்ப எங்க தெருவுல எல்லாருக்கும் அவங்கன்னா உசுரு. ஆயா ஆயான்னு எல்லாரும் மரியாதையா கூப்பிட்டாங்க. நீங்களும் நல்லா இருக்கணும். வேற என்ன சொல்றது."

அவ்வளவுதான் பேசினேன். அம்மா என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதை நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன். மரியாதையாக என்ற வார்த்தையை அம்மா டேப்பில் தெருவைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்குத் தெருவில் மரியாதை என்றுதான் சொன்னாள். இதைச் சேர்த்தது நான்.

"சூப்பர் ஆயா" என்றார் கடைக்காரர்.

சிடியின் மேல் எழுத என்ன பேர் என்று கேட்டார். ‘எங்கள் ஆயா’ என்றாள் பரிமளா.

11-2-2007, ஞாயிறு.

காலை 9 மணிக்குப் பரிமளாவின் சம்பந்தி வந்து சிடியை வாங்கிக்கொண்டார். நெட்டையான மனிதர், பட்டாளத்து நடை. கோட்டுப் பைக்குள் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க, பாஸ்போர்ட்டோட வெச்சுட்டேன்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். பத்து மணிக்கு வண்டி ஏறினேன். அண்ணன் வாசல்வரை வந்து, கண் தெரியாமல் ஆட்டோ இல்லாத திசையைப் பார்த்துக் கையாட்டினார்.

போகும்போது ஐந்து மணி நாற்பது நிமிஷம். திரும்பும்போது ஆறேகால். இருநூற்றைந்து கிலோமீட்டரும் அந்த ‘மரியாதையா’ என்ற வார்த்தை கூடவே வந்தது.

12-2-2007, திங்கள். உறையூர்.

பயணம் நேற்றே முடிந்துவிட்டது. ஆனால் மிச்சம் இருப்பது எதிர்வீடு. எங்கள் வாசலிலிருந்து பதினான்கு அடி. முப்பத்திரண்டு வருஷமாக நான் போகாத தூரம் அதுதான்.

காலை பத்து மணிக்கு சிடியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய்வந்ததை விசாரித்தார். காப்பி கொடுக்கச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"டீச்சர், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல ஒரு ஆயா இருந்தாங்களே."

"எந்த ஆயா?"

"பாண்டிப் பக்கம்னு சொன்னேன். கறுப்பா, ரவிக்கை போடாம. உங்க வீட்டுக்குக்கூடத் தண்ணி எடுத்து வெச்சாங்க. நீங்க கத்தரிப்பூ நிறத்துல ஒரு புடவை குடுத்தீங்க."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எத்தனையோ பேர் வந்தாங்க போனாங்க லட்சுமி. ஞாபகம் இல்லையே. ஏன், என்ன விஷயம்?"

யாருடைய கண்ணில் குறைந்துபோவேனோ என்று பயந்து நான் அம்மாவை வேலைக்காரியாக நிற்கவிட்டேனோ, அந்தக் கண்ணுக்கு அம்மாவின் நிழல்கூட நினைவில்லை. அந்தக் கண்ணுக்குப் பயந்து நான் அம்மாவைத் தொலைத்ததுதான் மிச்சம்.

"அது எங்கம்மா, டீச்சர்" என்றேன். "என்னைப் பெத்த அம்மா."

டீச்சர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கோபப்படுவார், சிரிப்பார், ஐயோ என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் மெதுவாக, "உங்க அம்மா உங்க வீட்டுக்கு வந்ததே இல்லைன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன் லட்சுமி" என்றார். "உங்களுக்குத் தாயார் இல்ல போலன்னு பாவமா இருக்கும். அதனாலதான் கேட்டதே இல்லை."

எட்டாவது படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். அது இரண்டாவதாகச் சொன்னதால் சுலபமாக இருந்தது.

பாண்டியில் ஆட்டோக்காரர் ஆயா என்று கூப்பிட்டால், வண்டியில் ஏறுகிறவள் அவருடைய வீட்டுப் பாட்டிக்குச் சமம் என்று அர்த்தம். திருச்சியில் அதே வார்த்தைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்பார்கள். இரண்டு ஊருக்கும் குற்றம் இல்லை. நடுவில் சுங்கத்தில் உட்கார்ந்து எந்த அர்த்தம் இந்தப் பக்கம் வரலாம், எது வரக்கூடாது என்று மறித்தது நான்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பரிமளாவுக்குப் போன் போட்டேன். "சிடியில கடைசி ரெண்டு நிமிஷம் நான் பேசினது பொய்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எழுதி அனுப்பறேன், அதையும் உன் பொண்ணுக்கு அனுப்பிடு. சிடியோட சேர்த்து வெச்சுக்கட்டும். முதல்ல அண்ணன்கிட்ட சொல்லணும், போனைக் குடு" என்றேன்.

"பாப்பா! போய்ச் சேந்துட்டியா?"

"அண்ணா, அந்தத் திருச்சிக் கதை இருக்கே, தெருவே அம்மாவை ஆயான்னு கூப்பிட்ட கதை. அதை நான் முதல்லேருந்து சொல்றேன், கேக்கறியா?"

அண்ணன் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கதையின் பேரைச் சொன்னாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "நாளைக்கு நாலு முத்தம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், இருமல் வந்தது, மறுபடி சிரித்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.